கருடனுக்கு ஒரு கை

திருவள்ளூரில் பெருமாளை வாகனத்தோடு தோளில் சுமந்து வீதிவலம் வருகிற குடும்பத்தில் பிறந்தவன் ஸம்பத்குமார். அப்பா எம்பார், சித்தப்பாக்கள், அவர்கள் பெற்ற பிள்ளைகள் எல்லாருக்கும் வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ப்பு உண்டு. ஸம்பத்துக்கு மட்டும் கிடையாது. பையன் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் குள்ளம். மற்றவர்கள் தோளில் வாகனத்தைத் தாங்குகிற தண்டு உட்கார்ந்தால், இவன் தோளுக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு ஜாண் இடம் மிச்சமிருக்கும். பதினெட்டு வயதில் ஒரு கருடசேவையன்று ஆசை ஆசையாய்ப் போய் நின்றவன், நாலு வீதியும் தண்டைக் கையால் தொட்டுக்கொண்டே நடந்துவிட்டு வந்தான். "எல்லாரும் பெருமாளைத் தூக்கிண்டு வந்தா, நம்ம ஸம்பத்து தொங்கிண்டு வந்தான்" என்று சித்தப்பா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு அவன் தண்டுப் பக்கமே போகவில்லை.

குள்ளமாகவும் ஒல்லியாகவும் இருப்பவனை வா வா என்று கூப்பிடுகிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. சோழவரத்துக்கு அந்தண்டை யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன ஓடுதளம். அதன் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் ஒரு கிளைடர். இஞ்சின் இல்லாத விமானம். மரச்சட்டத்துக்குத் துணி போர்த்தி வார்னிஷ் அடித்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஸீட்டு, தலைக்கு மேலே கூரை கிடையாது. ஓடுதளத்தின் மறுகோடியில் ஒரு பழைய லாரி இஞ்சின் கம்பிக் கயிற்றைச் சுருட்டி இழுக்கும். பட்டத்தை இழுத்து ஏற்றுகிற மாதிரி கிளைடர் கிடுகிடுவென்று ஏறும். தொள்ளாயிரம் அடி வந்ததும் கயிற்றைக் கழற்றிவிட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, நாலைந்து நிமிஷத்தில் இறங்கிவிட வேண்டியது. கல்லூரி நோட்டீஸ் போர்டில் விளம்பரம் பார்த்துப் போய்ச் சேர்ந்தவன், ஒன்றரை வருஷமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறவில்லை.

சொல்லிக்கொடுப்பவர் தேவராஜன். ஏர்ஃபோர்ஸில் இருந்து வந்தவர். "கீழ இருக்கறப்போ நீ எந்தச் சாமிய வேணா கும்புடு. மேல போனா காத்துதான்டா சாமி" என்பார். பக்கத்து ஸீட்டில் உட்காரும்போது அவர் கை எப்போதும் விமானத்தைத் திருப்புகிற இரண்டாவது ஸ்டிக்குக்கு அரை அங்குலம் தள்ளியே இருக்கும், பாலைப் பார்த்துக்கொண்டிருக்கிற பூனை மாதிரி. பையன் கொஞ்சம் தப்புப் பண்ணினால் போதும், பிடுங்கிக்கொள்வார்.

கொட்டகையில் ஒரு கரும்பலகை. அதில் மாணவர்களின் பெயர்கள். தப்புப் பண்ணினால் பெயருக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி. மூன்று குறி விழுந்தால் பெயரை அழித்துவிடுவார். அழித்த பெயரை மறுபடி எழுதியதில்லை. ஸம்பத்துக்கு இரண்டு விழுந்திருந்தன. ஒன்று, தவளை மாதிரி மூன்று தத்தல் தத்தி இறங்கியதற்கு. இன்னொன்று, பெல்ட்டு போடாமல் "ரெடி சார்" என்று கத்தியதற்கு. மூன்றாவதும் விழுந்துவிட்டால்? தோளும் எட்டவில்லை, வானமும் எட்டவில்லை என்று வீட்டுக்குப் போய் எந்த முகத்தை வைத்துக்கொண்டு உட்காருவது?

ஸம்பத்துக்கு இன்னொரு தொல்லை, கண்ணாடி. சோடாபாட்டில் அடியை வெட்டி வைத்தது போல இருக்கும். அது இல்லாவிட்டால் எதிரே நிற்பது அப்பாவா அம்மாவா என்பதே குரலை வைத்துத்தான். திறந்த விமானத்தில் காற்று அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால், கண்ணாடியின் இரண்டு காதிலும் நாடா கட்டிப் பின்மண்டையில் முடிச்சுப் போட வேண்டும் என்பது தேவராஜன் சட்டம். ஒவ்வொரு தடவையும் கிளம்புவதற்கு முன் பின்னாலிருந்து அந்த முடிச்சை அவரே வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பார். தலையே பின்னால் போகும்.

அறுபத்தெட்டாம் வருஷம், ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. "இன்னிக்கு நீ தனியா போறே" என்றார் தேவராஜன்.

ஸம்பத்துக்கு வேர்த்து ஊற்றியது. காலையில் இட்டுக்கொண்ட நாமத்தின் நடுச் சிவப்பு கரைந்து மூக்கு வழியாகக் கண்ணாடிக்குள் இறங்கிவிட்டது. கழற்றித் துடைத்தான். திரும்ப மாட்டினான். நாடாவை முடிச்சுப் போட வேண்டும் என்பது தனியாகப் போகிற சந்தோஷத்தில் மறந்தே போய்விட்டது.

தேவராஜனாவது பார்த்திருக்க வேண்டும். ஆனால் ஒரு பையனைத் தனியாக அனுப்புகிற அன்று அனுப்புகிறவருக்குத்தான் அதிகம் உதறும். தான் உட்காருகிற ஸீட்டில் எடைக்கு எடை மணல் மூட்டையை வைத்து, அதற்கும் ஒரு பெல்ட்டு மாட்டி, அதை மூன்று தடவை இழுத்து இழுத்துப் பார்த்தார். மூட்டையை ஒரு தட்டுத் தட்டினார். ஸம்பத்தின் முகத்தைப் பார்க்காமலே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். மணல் மூட்டையின் பெல்ட்டை இழுத்தவர், பையனின் முடிச்சை இழுக்கவில்லை.

மணி பத்து நாற்பத்தேழு. கயிறு விறைத்தது. கிளைடர் கிளம்பியது.

தொள்ளாயிரம் அடியில் கயிற்றை விட்டதும் எல்லாம் அடங்கியது. காற்றின் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. செங்குன்றம் ஏரி வெயிலில் தகதகத்தது. பக்கத்து ஸீட்டு மணல் மூட்டை வாயைத் திறக்கவில்லை. இப்படி ஒரு சுகம் ஸம்பத்துக்கு ஜென்மத்தில் வாய்த்ததில்லை.

அப்போதுதான் அது வந்தது. இடது இறக்கைக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற தூரத்தில் என்றே சொல்லலாம், செம்பழுப்பு உடம்பும் வெள்ளைக் கழுத்துமாக ஒரு கருடன். இறக்கையை அசைக்காமல் மிதந்துகொண்டு, தலையைத் திருப்பி இவனைப் பார்த்தது.

ஆகாயத்தில் கருடனைக் கண்டால் திருவள்ளூரில் பாதி வீதி நின்றுவிடும். கையில் இருப்பது பால் செம்பானாலும் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுவார்கள். ஸம்பத் குழந்தையிலிருந்தே செய்துவந்தது. யோசித்துச் செய்கிற காரியமில்லை. அதுவும் அண்ணாந்து பார்த்தே பழகிய கருடனை முதல் தடவையாக எதிரும் புதிருமாகப் பார்க்கிறான். இரண்டு கையையும் எடுத்தான். "கிருஷ்ணா, கிருஷ்ணா" என்று கும்பிட்டான். பக்தி முற்றிப் போய், படபடவென்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டான்.

கன்னத்தில் பட்ட கை கண்ணாடியிலும் பட்டது. காற்று அதை வாங்கிக்கொண்டது.

உலகம் அழிந்து போயிற்று. ஏரி ஒரு வெள்ளைத் தேய்ப்பு. தரை பச்சையும் பழுப்பும் கரைத்து ஊற்றின களேபரம். எதிரே இருந்த வேகமானியின் முள் எங்கே என்றே தெரியவில்லை. கிளைடர் ஒருபக்கமாகச் சாய்ந்தது. "ஐயோ" என்று ஸ்டிக்கைப் பிடித்தான். மூன்றாவது குறி, வெள்ளை வெளேர் என்று கண்ணெதிரே தெரிந்தது. தெளிவாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அழுகை வந்துவிடும் போலிருந்தது. ஆனால் தேவராஜன் ஒன்று சொல்லியிருந்தார். முள்ளைப் பார்க்காதே, காதைக் கொடு. காற்றுச் சத்தம் கூடினால் வேகம் கூடுகிறது, குறைந்தால் மூக்கைக் கவிழ். ஸம்பத் காதைக் கொடுத்தான். சத்தம் சீராக இருந்தது. இடது பக்கம் செம்பழுப்பாக ஒரு தீற்றல், அதுதான் கருடன், வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. சூடான காற்று எங்கே மேலே கிளம்புகிறதோ அங்கேதான் பறவை சுற்றும் என்பது அவனுக்குத் தெரியும். ஓடுதளம் எங்கே என்று தெரியாதவனுக்கு வேறு போக்கிடம் ஏது? அதன் பின்னாலேயே வட்டம் போட்டான். ஸீட்டு அடியிலிருந்து யாரோ தூக்குகிற மாதிரி கிளைடர் ஏறிற்று. ஏறிக்கொண்டே இருந்தது.

பயம் எப்போது போயிற்று என்று அவனால் பிற்பாடு சொல்ல முடியவில்லை. காதில் குளிர்காற்று. பக்கத்தில் பெருமாளின் வாகனம். தெற்கத்திக் காற்று இரண்டு பேரையும் வடக்கே தள்ளிக்கொண்டு போனது. தனக்குத் தெரிந்த பாசுரத்தையெல்லாம் ஸம்பத் உரக்கப் பாடினான். மணல் மூட்டை கேட்டுக்கொண்டு வந்தது.

கடைசியில் கருடன் இறக்கையை மடித்து எங்கோ இறங்கிவிட்டது. தூக்குகிற காற்றும் நின்றது. கீழே ஒரு கறுப்புக் கோடு. ரயில் பாதையாக இருக்க வேண்டும். அதன் பக்கத்தில் பரந்த மஞ்சள். சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுப்பு முடிந்த கழனி என்று தீர்மானித்தான். மஞ்சளை நோக்கி இறங்கினான். கிட்டே வந்தபோதுதான் அதில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் நகருவது தெரிந்தது. ஜனங்கள்!

"தள்ளுங்கோ! தள்ளுங்கோ! நேக்குக் கண்ணு தெரியலே!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

கவரைப்பேட்டைக்கு மேற்கே அந்தக் கழனியில் நெற்கட்டுத் தூக்கிக்கொண்டிருந்த பெண்கள் நாலு பக்கமும் பார்த்தார்கள். ஆளைக் காணோம். குரல் ஆகாயத்திலிருந்து வருகிறது என்று முதலில் கண்டுகொண்டவள் கிரேஸ். "அடியே, ஓடுங்கடீ! மேலேர்ந்து வருது!" என்று கத்திக்கொண்டு வரப்பைத் தாண்டினாள். கட்டுகள் பறந்தன. கிளைடர் தாளடியில் தடதடவென்று உருண்டு, ஓய்ந்து, ஒரு வைக்கோல் போருக்குள் மெத்தென்று மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது.

சற்று நேரம் யாரும் கிட்டே வரவில்லை. பிறகு வைக்கோலுக்குள்ளிருந்து நாமமும் தும்மலுமாக ஒரு தலை எழுந்தது.

"தேவதூதன்னு நெனச்சேன். இது இன்னாடா, நாமம் போட்டுக்கினு வந்துகீது!" என்றாள் கிரேஸ். கழனியே சிரித்தது.

அவள் புருஷன் மோசஸ் ரயில்வே கேங் மேஸ்திரி. தண்டவாளம் மாற்றுகிற பன்னிரண்டு பேருக்குத் தலைவன். ஞாயிற்றுக்கிழமையாதலால் கோயிலுக்குப் போய்வந்த கையோடு தன் ஆட்களையும் கூட்டிக்கொண்டு பெண்களுக்குக் கட்டுத் தூக்க வந்திருந்தான். முதல் வேலையாக ரயில்வே கடிகாரத்தை எடுத்துப் பார்த்தான். தன் எல்லைக்குள் எது வந்து நின்றாலும் மணி பார்ப்பது அவன் வழக்கம். "பதினொண்ணு இருபத்தெட்டு" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்.

ஸம்பத் இறக்கையை முன்னாலிருந்து பின்னால்வரை கையால் தடவிப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான். கிரேஸ் அவனுக்குக் கஞ்சித்தண்ணீர் கொடுத்து விஷயத்தைக் கேட்டாள். அவன் ஒன்று விடாமல் சொன்னான். கருடன், கும்பிடு, கன்னம், கண்ணாடி, மூன்று குறி.

"அய்ய! ரெண்டு கையையும் வுட்டுட்டு எவனாச்சும் கும்புடுவானா? இத்த போயி உங்க சார் கைல சொல்லாதே. நாடா அறுந்துட்ச்சின்னு சொல்லு."

"ஆமாம்பா, நைனா" என்றான் மோசஸ். "நாடாவா வந்து சாட்சி சொல்லப்போவுது?"

ஸம்பத்துக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. நாடா அறுந்தது. அவ்வளவுதான். யாருக்குத் தெரியும்?

ஒரு மணி நேரத்துக்கெல்லாம் தேவராஜன் வந்து சேர்ந்தார். ஜீப்பின் பின்னால் கிளைடர் ஏற்றுகிற நீளவண்டியை மாட்டிக்கொண்டு, வடக்கே போகிற ஜி.என்.டி. ரோட்டில் ஒவ்வொரு டீக்கடையிலும் "றெக்க வண்டி போச்சா?" என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஜீப்பு ரோட்டிலேயே நின்றுவிட்டது. நடுவில் ஒரு மைல் வரப்பும் கால்வாயும். ஓட்டமும் நடையுமாய் வந்தவர் முதலில் கிளைடரைப் பார்க்கவில்லை. ஸம்பத்தின் இரண்டு கையையும் பிடித்துப் பார்த்தார், காலைப் பார்த்தார், தலையைத் தடவினார். எல்லாம் இருக்கிறது என்று நிச்சயமான பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"கண்ணாடி எங்கடா?"

"நாடா..." என்று ஆரம்பித்தான். கிரேஸ் தலையை ஆட்டி ஊக்கப்படுத்தினாள். இந்த மனிதர் ஒன்றரை வருஷமாக அரை அங்குலத்தில் கை வைத்துக்கொண்டு தன்னைக் காப்பாற்றியவர். கருடனைச் சாட்சியாக வைத்துக்கொண்டு பறந்துவிட்டு, இறங்கினதும் பொய்யா? வாய் வரவில்லை. "நாடா அறுந்துபோகலே சார். நான் முடிச்சே போடலே. கருடன் வந்தது. ரெண்டு கையாலயும் கும்பிட்டேன். கன்னத்துல போட்டுண்டேன். அது போயிடுத்து" என்றான். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

"பேஜாரு புடிச்ச புள்ள" என்று கிரேஸ் முணுமுணுத்தாள்.

தேவராஜன் ஸ்பானரை எடுத்து இறக்கைகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

ரோடுவரை தூக்க வேண்டுமே! மோசஸின் ஆட்கள் பன்னிரண்டு பேரும் துண்டைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஸம்பத் வேகமாக முன்னால் போனான். "உயரத்துக்கு ஜோடி பார்த்து நிக்கணும். எல்லாரும் இடது காலை முதல்ல..."

"தம்பி, நாங்க தெனமும் தண்டவாளத்தத் தூக்கறவங்க" என்றான் மோசஸ். "இது வெறும் துணி. நீ தள்ளு."

இரண்டு இறக்கையும் போய்ச் சேர்ந்தன. உடல் பகுதிதான் பாக்கி. ஸம்பத் ஓரமாய்ப் போய்த் தோளைக் கொடுத்துப் பார்த்தான். கருடசேவையன்று போலவே அதே ஒரு ஜாண் இடைவெளி. அந்த ஒரு ஜாணைப் பார்த்து மோசஸுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தேவராஜன், "டேய், வால் ஆடாம எவனாச்சும் உள்ள உக்காந்து காலால பெடல அமுக்கிக்கினு வரணும். நீதான் லேசு. ஏறு" என்றார்.

"நானா? என்னைத் தூக்கறதா? அபசாரம் சார்!"

"ஏறுடா!"

ஏறினான். மோசஸ் ஒரு நீட்டு நீட்டிக் குரல் கொடுத்தான். பன்னிரண்டு பேரும் "ஐலசா" என்று பதில் கொடுத்தார்கள். ஸம்பத் மேலே எழும்பினான். வரப்பில் அவர்கள் நடந்த நடையில் ஒரு குலுக்கல் இல்லை. அப்பாவும் சித்தப்பாக்களும் பார்த்திருந்தால் வாயடைத்துப் போயிருப்பார்கள். முன்னால் கிரேஸும் பெண்களும் சிரித்துக்கொண்டே வழிவிலக்கிப் போனார்கள். தலைமுறை தலைமுறையாகத் தூக்கிய குடும்பத்தில் முதல் முதலாகத் தூக்கப்பட்டவன், கண் தெரியாமல், எல்லாத் திசையிலும் உத்தேசமாகக் கும்பிட்டுக்கொண்டு போனான். எத்தனை வெட்கமோ அத்தனை ஆனந்தம். கண்ணில் நீர் வந்துவிட்டது.

ரோட்டில் தேவராஜன் மோசஸிடம், "இவன் எத்தினி மணிக்கு எறங்கினான், தெரியுமா?" என்று கேட்டார்.

"பதினொண்ணு இருபத்தெட்டு."

தேவராஜன் விரல்விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார். "நாப்பத்தோரு நிமிஷம்" என்றார். ஜீப்பில் ஏறிச் சோழவரத்துக்கு ஓட்டினார்.

கொட்டகைக்குள் போனதும் நேரே கரும்பலகைக்குப் போய்ச் சுண்ணாம்புக்கட்டியை எடுத்தார். ஸம்பத்துக்குப் பலகை ஒரு கறுப்புத் தீற்றல்தான். ஆனால் சுண்ணாம்புக்கட்டி இழுக்கிற சத்தம் கேட்டது. ஏதோ கிறுக்கல், பிறகு ஒரு கீச்சு, இன்னொரு கீச்சு. பெருக்கல் குறி. போயிற்று. அவன் திரும்பி வாசல் பக்கம் நடந்தான்.

"எங்கடா போறே? கிட்ட வந்து பாரு."

மூக்கு பலகையில் இடிக்கிற அளவுக்குப் போய்ப் பார்த்தான். அவன் பெயருக்கு எதிரே இரண்டு குறிதான் இருந்தது. பட்டியலின் அடியில் புதிதாக ஒரு பெயர்: தேவராஜன். அதற்கு எதிரே ஒரு குறி.

"முடிச்ச இழுத்துப் பாக்க வேண்டியவன் நானு. மூட்டய இழுத்தேன், உன்ன இழுக்கல. இந்த கிளப்புல நானே பதினெட்டு நிமிஷத்துக்கு மேல காத்துல நின்னதில்லடா. நீ கண்ணு தெரியாம நாப்பத்தோரு நிமிஷம் நின்னுட்டு வந்துகீறே" என்றார். பிறகு பலகையின் தலைப்பில் பெரிய எழுத்தில் ஒரு சட்டம் எழுதினார்: கருடனுக்கு ஒரு கை மட்டும்.

மூன்று வாரம் கழித்துப் புதுக் கண்ணாடி வந்தது. தேவராஜன் முடிச்சை இரண்டு தடவை வெடுக்கென்று இழுத்துப் பார்த்துவிட்டு, மணல் மூட்டையை இறக்கிவிட்டுத் தானே பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். தொள்ளாயிரம் அடி. ஏரி தகதகத்தது. ஒரு சுற்றுப் போவதற்குள் வலது பக்கம் ஒரு கருடன் வந்தது.

ஸம்பத் சட்டத்தை மறக்கவில்லை. வலது கை ஸ்டிக்கில். இடது கையை மட்டும் நெஞ்சுக்கு உயர்த்தி, "கிருஷ்ணா" என்று சொல்லி, அந்தக் கையாலேயே ஒரு கன்னத்தில் மெல்லப் போட்டுக்கொண்டான். சரியாகச் செய்தேனா என்று பக்கத்தில் பார்த்தான்.

தேவராஜனின் கை ஸ்டிக்குக்கு அரை அங்குலத்தில் இல்லை. எங்கேயும் இல்லை. இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார்! கை! சட்டம்!"

"எனக்கு எதுக்குடா கை? நீதான் புட்சிக்கினு இருக்கியே" என்றார், கண்ணைத் திறக்காமலே.

தான் ஒருவரைச் சுமந்துகொண்டு போகிறோம் என்பது அப்போதுதான் ஸம்பத்துக்கு உறைத்தது. காதைக் கொடுத்தான். காற்று சீராக இருந்தது. கருடன் போன வட்டத்தில் கிளைடரைத் திருப்பினான். தேவராஜன் மணல் மூட்டை மாதிரி வாயைத் திறக்காமல் உட்கார்ந்து வந்தார்.